எந்தக் காசைக் கொண்டுபோவது? மட்டக்களப்பிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு

வெளிநாடு போகிற நம்முடைய ஆட்கள் டிக்கெட்டை நாலு இடத்தில் விசாரித்து எடுப்பார்கள், பெட்டியை மூன்று தரம் நிறுத்துப் பார்ப்பார்கள், ஆனால் கையில் எந்த நாட்டுக் காசு கொண்டுபோவது என்பதை மட்டும் கொழும்பு பஸ் ஏறுகிற அன்று பின்னேரம்தான் யோசிப்பார்கள். நான் கட்டாரில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு வந்து இப்போது ஆரையம்பதியில் இருக்கிறேன். உம்றாவுக்குப் போகிற காத்தான்குடி நண்பர்கள், சென்னைக்கு மருத்துவத்துக்குப் போகிறவர்கள், மகளைப் பார்க்க லண்டன் போகிற அம்மாமார் என்று பலரும் இதையே கேட்பதால், எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் இலங்கை ரூபாயை மறந்துவிடுங்கள். வெளியே பல நாடுகளில் அதை வாங்கவே மாட்டார்கள், வாங்குகிற இடத்திலும் விலை மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே இங்கேயே மாற்றிக்கொண்டு போக வேண்டும். மிஞ்சி இருப்பது ஒரே கேள்விதான்: போகிற நாட்டுக் காசாகவே வாங்குவதா, அல்லது டொலர் வாங்கிப் போய் அங்கே மாற்றுவதா?

காசை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் மாற்றித் தருகிறவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். அதனால் ஒரு முறை மாற்றுவதுதான் இலாபம் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. இங்கே அதிகம் புழங்காத காசு என்றால் அதைக் கடைக்காரர் வாங்கும் விலையும் விற்கும் விலையும் வெகுதூரம் விலகி இருக்கும், அந்த ஒரு மாற்றிலேயே இரண்டு மாற்றுக்கான நட்டம் வந்துவிடும். டொலர் எல்லா இடத்திலும் புழங்குவதால் அதற்கு இடைவெளி குறைவு. எது நல்லது என்று பார்க்க ரேட் பலகையை மட்டும் பார்த்தால் போதாது, உங்களிடம் இருக்கும் ரூபாய் கடைசியில் அந்த நாட்டுக் காசாக எவ்வளவு கையில் வந்து சேரும் என்று இரண்டு வழியிலும் கணக்குப் பார்க்க வேண்டும்.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். இங்கே வருகிற எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, நீங்கள் போகிற அன்றைய ரேட்டைப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 91,500 ரூபாய் இருக்கிறது. டொலர் விற்கும் விலை 305 என்றால் 300 டொலர் கிடைக்கும். கோலாலம்பூரில் ஒரு டொலருக்கு 4.20 ரிங்கிட் தந்தால் 1,260 ரிங்கிட். இங்கேயே ரிங்கிட் வாங்கினால், விற்கும் விலை 76 என்றால், 1,204 ரிங்கிட்தான். 56 ரிங்கிட் வித்தியாசம், மாமாக் கடையில் (அங்கே இருக்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இரண்டு பேர் வயிறாறச் சாப்பிடலாம். அதே ரிங்கிட்டை இங்கே 73க்குத் தந்தால் 1,253 வரும், வெறும் 7 ரிங்கிட்டுக்காக அங்கே போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை, நேரடியாகவே வாங்கிவிடலாம். அந்த ஊரில் டொலருக்கு என்ன தருகிறார்கள் என்பதை அங்கே இருக்கிற ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். இணையத்தில் காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விலை, அந்த விலைக்கு எந்தக் கடையிலும் தரமாட்டார்கள்.

மத்திய கிழக்குக்குப் போகிறவர்கள்

நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறை என்ற இரண்டு மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் அதிகம் போவது இந்தப் பக்கம்தான், கணக்கும் இங்கேதான் சுலபம். சவூதி ரியால் 1986இலிருந்து ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. துபாய் திர்ஹம் 3.6725, கட்டார் ரியால் 3.64, பஹ்ரைன் தினார் 0.376, ஓமான் ரியால் 0.3845 என்று இவையும் டொலரோடு கட்டப்பட்டவைதான். குவைத் தினார் மட்டும் பல நாட்டுக் காசுகளைச் சேர்த்த ஒரு கூடையோடு கட்டப்பட்டிருப்பதால் கொஞ்சம் ஏறி இறங்கும்.

அப்படியானால் கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். அன்றைய டொலர் விற்கும் விலையை 3.75ஆல் வகுங்கள். 305 என்றால் 81.33 வரும். சவூதி ரியாலை 82க்குத் தந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 84 கேட்டால் டொலராக வாங்கிக்கொண்டு ஜித்தாவிலோ மக்காவிலோ மாற்றுங்கள். 91,500 ரூபாய்க்கு 84 விலையில் 1,089 ரியால் கிடைக்கும், 300 டொலர் கொண்டுபோய் அங்கே 3.74க்கு மாற்றினால் 1,122 ரியால். காத்தான்குடியிலும் கல்முனையிலும் வளைகுடாவிலிருந்து ஊர் வருகிறவர்கள் ரியாலையும் திர்ஹத்தையும் கொண்டுவந்து விற்பதால் இந்தக் காசுகள் இங்கே தாராளமாகப் புழங்குகின்றன. அதனால் நல்ல விலைக்குக் கிடைக்கிற நாட்களும் உண்டு, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

உம்றா போகிறவர்கள் எல்லாவற்றையும் 500 ரியால் தாளாக வாங்கிப் போகாதீர்கள். டாக்சி, தேநீர், சதகா எல்லாவற்றுக்கும் 5, 10, 50 ரியால் தாள்கள்தான் கை கொடுக்கும். வயதான உம்மா வாப்பாவை அனுப்புகிறவர்கள், மாற்றுகிற வேலை எதையும் அவர்கள் தலையில் போடாமல் முழுவதையும் ரியாலாகவே கொடுத்துவிடுங்கள். இரண்டொரு ஆயிரம் ரூபாய் கூடப்போனாலும் பரவாயில்லை, கூட்டத்துக்குள் கடை தேடித் திரிகிற கஷ்டம் அவர்களுக்கு வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி எனக்கு உண்மையில் கவலை. ஏறாவூர், வாழைச்சேனை, சம்மாந்துறை, பொத்துவில் என்று நம்முடைய ஊர்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். சிலர் கையில் ஒரு சதமும் இல்லாமல் போகிறார்கள், சிலருக்கு வீட்டார் ஒரு 100 டொலர் தாளை மடித்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை போய் இறங்கினால் வீட்டை விட்டு வெளியே போவதே பெரிய பாடு, மாற்றுகிற கடைக்கு எப்படிப் போவாள்? முதல் சம்பளம் கைக்கு வரும்வரை ஒரு சிம் வாங்கவோ, ஒரு மாத்திரை வாங்கவோ, எதுவும் நடந்தால் டாக்சி பிடிக்கவோ அந்த 100 டொலர் உதவாது. அவளுக்கு அந்த நாட்டுக் காசு 200, 300 ரியால் அளவில், சின்னச் சின்னத் தாளாகக் கொடுங்கள். ரேட் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் கொடுங்கள். கைப்பையில் பாதி, உடுப்புக்குள் பாதி என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். குவைத் என்றால் 20 தினார் போதும், ஒரு தினாரே மூன்று டொலருக்கு மேல்.

இந்தியா

வேளாங்கண்ணி, சபரிமலை, சென்னை ஆஸ்பத்திரி, கல்யாணச் சேலை என்று எந்தக் காரணத்துக்குப் போனாலும் டொலராகக் கொண்டுபோவதுதான் என் யோசனை. இந்திய ரூபாயை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோவதற்கு அந்த நாட்டுச் சுங்கத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, கட்டாகக் கொண்டுபோய் விமான நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். டொலர் தாளாக 5,000க்கு மேல் கொண்டுபோனால் இறங்கியவுடன் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இந்த எல்லை சுலபமாக வந்துவிடும், அப்படியானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வங்கி மூலம் அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள். விமான நிலையத்தில் ஒட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான அளவு, ஒரு 50 டொலர் மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தைத் தி.நகர், மண்ணடி, எழும்பூர் போன்ற இடங்களில் விசாரித்து மாற்றலாம். அங்கே எல்லாரும் ஃபோனில் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுகிறார்கள், அதனால் 500 ரூபாயை நீட்டினால் ஒட்டோக்காரரிடம் சில்லறை இருக்காது. மாற்றும்போதே 100, 50 ரூபாய்த் தாள்கள் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவுக்குப் போகிறபோது அலுமாரியில் இருக்கிற பழைய தாள்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவோடு செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய்த் தாளையும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள், கடையில் வாங்கமாட்டார்கள்.

இதில் நாங்களே பட்டிருக்கிறோம். 2023இல் பெரியம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். லண்டன் மச்சாள் முந்தி வந்தபோது கொடுத்த 20 பவுண்ட்ஸ் தாள்கள் இருபது, பெரியம்மா அதைச் செலவழிக்காமல் பொலித்தீன் பைக்குள் சுற்றி உடுப்புப் பெட்டியில் வைத்திருந்தா. 400 பவுண்ட்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் டொலர் குறைவாகத்தான் வாங்கினேன். சென்னையில் காசு மாற்றுகிற கடைக்காரர் ஒரு தாளை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது பேப்பர் நோட்டு, இப்ப பிளாஸ்டிக்தான் ஓடுது, இத வாங்க மாட்டோம்” என்றார். அடுத்த இரண்டு கடையிலும் அதே பதில். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “செல்லாதா மனே? நான் ஒண்டும் செய்யல்லையே, பத்திரமாத்தானே வெச்சிருந்தன்” என்று கேட்டா. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊரிலிருந்து தம்பி அவசரமாக ஆள் பிடித்து உதவியதால் சிகிச்சை நடந்தது. காசும் வீணாகவில்லை, அடுத்த வருடம் வந்த மச்சாள் தாள்களைத் திரும்பக் கொண்டுபோய் அங்கே மாற்றினா.

நடந்தது இதுதான்: இங்கிலாந்தில் காகித 20, 50 பவுண்ட்ஸ் தாள்கள் 2022 செப்டம்பர் 30ஓடு புழக்கத்தை விட்டுப் போய்விட்டன. காகித 5 பவுண்ட்ஸ் 2017இலும் 10 பவுண்ட்ஸ் 2018இலும் போயின. இங்கிலாந்து மத்திய வங்கி இவற்றைக் காலவரையறை இல்லாமல் மாற்றித் தரும், ஆனால் அங்கே இருக்கிற ஒருவர் மூலம் மாற்றுவதுதான் நமக்குச் சுலபம். சுவிஸிலும் அப்படித்தான், முந்திய வரிசைத் தாள்கள் 2021 ஏப்ரல் 30ஓடு கடைகளில் செல்லாமல் போயின, அந்த நாட்டுத் தேசிய வங்கியில் மட்டும் மாற்றலாம். வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு நம்முடைய பக்கம் குறைவு, ஆகவே இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பாருங்கள். பழைய தாள் இருந்தால் அடுத்து ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள், பயணச் செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

டொலர் தாளைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்கா தன் தாள் எதையும் செல்லாது என்று அறிவிப்பதில்லை, சட்டப்படி எந்தக் காலத்து டொலரும் டொலர்தான். ஆனால் ஆசியாவின் பல ஊர்களில் நாணயமாற்றுக் கடைக்காரர்களுக்கு அவர்களுடைய சொந்தச் சட்டம் இருக்கிறது. சின்னத் தலைப்படம் போட்ட பழைய 100 டொலர் தாளை வாங்கமாட்டார்கள், அல்லது விலை குறைப்பார்கள். பேனாக் கிறுக்கல், ஸ்டேப்ளர் ஓட்டை, கிழிசல், ஈரம் பட்ட கறை, எல்லாமே குற்றம்தான். இந்தோனேசியாவில் நடுவில் அழுத்தி மடித்த கோடு இருந்தால்கூட முகம் சுளிப்பார்கள். நம்முடைய வீடுகளில் கட்டின் மேல் தாளில் பேனாவால் எண்ணிக்கை எழுதுகிற பழக்கம் இருக்கிறது, மாரி வெள்ளத்தில் நனைந்து காயவைத்த தாள்களும் இருக்கும். இவற்றை உள்ளூரில் விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்.

வாங்கும்போது 2013இலிருந்து வருகிற, நடுவே நீலப் பட்டி ஓடுகிற 100 டொலர் தாளாகக் கேளுங்கள். அந்தப் பட்டி தாளுக்குள் நெய்யப்பட்டது, ஆட்டினால் உள்ளே மணிகளும் 100 என்ற எண்ணும் நகர்வது தெரியும். பக்கத்தில் செம்பு நிற மைக்கூட்டுக்குள் ஒரு மணி, சரித்துப் பார்த்தால் பச்சையாகும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெற்றிடத்தில் ஃபிராங்க்ளின் முகம் மங்கலாகத் தெரிய வேண்டும். இதைக் கடைக்காரருக்கு முன்னாலேயே பாருங்கள், கூச்சப்படத் தேவையில்லை.

தாய்லாந்தில் 100, 50 டொலர் தாள்களுக்கு ஒரு விலை, அதற்குக் கீழே உள்ள தாள்களுக்குக் குறைந்த விலை. மாலைதீவில் நிலைமை வேறு. டொலரை அப்படியே செலவழிக்கலாம், அதனால் அங்கே 1, 5, 10, 20 தாள்கள்தான் பிரயோசனம், மிச்சத்தை அந்த நாட்டு ரூபியாவாகத் தருவார்கள், அதை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள், இங்கே கொண்டுவந்து மாற்றுவது பெரும்பாடு.

ஐரோப்பா, கனடா போகிறவர்கள் டொலர் வாங்கி மறுபடி மாற்றத் தேவையில்லை. யூரோ, பவுண்ட்ஸ், கனேடிய டொலர், சுவிஸ் பிராங் எல்லாம் இங்கே வங்கிகளில் கிடைக்கும். ஆனால் ஐரோப்பா என்றால் எல்லா இடமும் யூரோ என்று நினைக்காதீர்கள். சுவிஸுக்குப் பிராங், நோர்வே, சுவீடன், டென்மார்க்குக்கு அவரவர் குரோனர். சுவிஸில் சில கடைகள் யூரோ வாங்கினாலும் மிச்சத்தைப் பிராங்கிலேயே தருவார்கள், கணக்கும் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். 500 யூரோத் தாளை இங்கே தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், செல்லும்தான், ஆனால் அங்கே கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். உறவினர் வீட்டில் தங்குகிறவருக்கு 150, 200 பவுண்ட்ஸ் அளவில் கையில் இருந்தால் ரயிலுக்கும் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கவும் போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கே வாங்குவது

வங்கியில் பாஸ்போட், விசா, டிக்கெட் கேட்பார்கள், எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். சின்னக் கிளைகளில் கேட்டவுடன் டொலர் இருக்காது, இரண்டு நாளைக்கு முதல் ஃபோன் பண்ணிச் சொன்னால் எடுத்து வைப்பார்கள். தனியார் கடை என்றால் மத்திய வங்கி கொடுத்த அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள், அனுமதி உள்ள கடைகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்திலும் இருக்கிறது. பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள். தெரிந்த ஆள், வீட்டில் வைத்து இரண்டு ரூபாய் குறைத்துத் தருவார் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். சட்டத்துக்கும் பிழை, கள்ளத்தாள் வந்துவிட்டால் கேட்கவும் ஆள் இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடவும் வேண்டாம். கல்முனையிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து போய் இறங்குகிற களைப்பில் ஒருவராலும் தாளை எண்ணி ரேட்டைப் பெருக்கிப் பார்க்க முடியாது.

எப்போது வாங்குவது என்பதற்கு என்னிடம் பெரிய வித்தை இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயைச் சுற்றி இருந்தது, மே மாதம் 360ஐத் தாண்டியது, அதன் பிறகு இறங்கவும் செய்தது. நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதை விட, டிக்கெட் போட்டவுடன் பாதி, போவதற்கு ஒரு கிழமைக்கு முதல் பாதி என்று இரண்டு தரமாக வாங்கினால் நெஞ்சிடி குறைவு.

அட்டை வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறந்துவிட வங்கிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். கடையிலோ ஏ.டி.எம்மிலோ இலங்கை ரூபாயில் கழிக்கவா, இந்த நாட்டுக் காசில் கழிக்கவா என்று திரையில் கேட்கும். எப்போதும் அந்த நாட்டுக் காசையே அமத்துங்கள். நம்முடைய ரூபாய் என்று ஆசைப்பட்டு மற்றதை அமத்தினால் அவர்கள் வைத்த விலையில் கழியும், சில வேளை அதற்கு மேல் உங்கள் வங்கியின் கட்டணமும் சேரும். ஏ.டி.எம்மில் ஒவ்வொரு தரமும் தனிக் கட்டணம் என்பதால் ஐந்து தரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தரத்தில் எடுங்கள்.

திரும்பி வருகிறபோது சில்லறைக் காசுகளை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே குற்றிகளை மாற்றித் தரமாட்டார்கள். மிஞ்சிய ரியாலையும் டொலரையும் விற்கலாம், வேறு நாட்டுக் காசை அங்கேயே மாற்றிவிட்டு வருவது நல்லது. போகும்போதே ஐந்தாறாயிரம் இலங்கை ரூபாயைப் பாஸ்போட் உறைக்குள் தனியாக வைத்துவிடுங்கள், நடுச்சாமத்தில் கட்டுநாயக்காவில் இறங்கினால் ஒட்டோவுக்கும் தேநீருக்கும் மட்டக்களப்பு பஸ்ஸுக்கும் அதுதான் உடனே கைக்கு வரும்.